டப்பாவில் இருக்கும் நிறம்

கேள்வி: கம்பத்திலிருந்து ஜீப்பில் கம்பமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறோம். என் வீட்டுக்காரர் மருந்து அடிக்கிறவர். டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறம் போட்டிருக்கிறது. இதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? விஷத்தைப் பற்றிப் படிக்கவே தனியாக ஆட்கள் உண்டா?
- ஒரு வாசகி, கம்பம்

பதில்: உண்டு அம்மா. நஞ்சியல் என்று பெயர். அந்தத் துறை வளர்ந்தது கோர்ட்டில். மினோர்க்கா தீவில் பிறந்த ஆர்ஃபிலா என்ற மருத்துவர் 1814-இல் பாரிஸில் நஞ்சுகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிடத் தொடங்கினார். 1840-இல் லஃபார்ஜ் என்பவரை அவர் மனைவி ஆர்சனிக் வைத்துக் கொன்றதாக வழக்கு. உள்ளூர் நிபுணர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆர்ஃபிலா வந்து உடலில் ஆர்சனிக் இருப்பதைக் காட்டினார். அதோடு விடவில்லை. கல்லறை மண்ணையும் சோதித்து, விஷம் மண்ணிலிருந்து ஊறி வரவில்லை என்றும் நிரூபித்தார். எனக்கு அந்த இரண்டாவது சோதனைதான் பெரிது. நம் சென்னையிலும் 1849-லேயே இதற்கென அரசு ஆய்வுக்கூடம் வந்துவிட்டது.

சரி, இதெல்லாம் ஆள் போன பிறகு. முன்கூட்டியே எச்சரிக்க ஓர் அளவுகோல் வேண்டுமே? சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவைக் கணக்கிடும் முறையை 1927-இல் ட்ரீவன் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்தார். உங்கள் டப்பாவின் நிறம் அந்தக் கணக்குதான். வாய்வழியாகப் போனால், உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள்ளேயே கொல்லும் என்றால் சிவப்பு. 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கும் மேலே பச்சை.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் வர உயிர்கள் போக வேண்டியிருந்தது. 1958-இல், உணவு மூட்டைகளோடு ஒரே கப்பலில் வந்த பாரத்தியான் பூச்சிமருந்து கசிந்து, அந்த உணவைச் சாப்பிட்ட நூறு பேருக்கு மேல் கேரளத்திலும் நம் பக்கத்திலும் இறந்தார்கள். அதன் விளைவுதான் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம்.

ஒன்று மட்டும் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அந்த நிறம் ஒரே தடவையில் உள்ளே போவதற்கான கணக்கு. வருடக்கணக்கில் தோலிலும் மூச்சிலும் சேர்வதை அது சொல்லாது. பச்சையாக இருந்தாலும் கையுறை, முகக்கவசம் வேண்டும், தோட்டத்தில் கேட்டு வாங்கட்டும். காலி டப்பாவில் தண்ணீர் கொண்டுவந்த பிள்ளைகளை வேதியியல் வாத்தியாராக நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். மயக்கமோ வாந்தியோ வந்தால் மட்டும் டப்பாவைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். என்ன மாற்று மருந்து கொடுப்பது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்.