சிங்கப்பூர் மெரினா பேயில் இரவுப் படமெடுக்க, வளையும் கால்கள் கொண்ட சின்ன முக்காலி போதுமா?

போதும், கேமரா எடை பொருந்தினால். இந்த வகை முக்காலியான கொரில்லாபாட் 3கே, 3 கிலோ வரை தாங்கும். ஆனால் நீளமான லென்ஸ் முன்பக்கம் இழுக்கும், அதனால் பாதி எடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கைப்பிடிக் கம்பியில் இரண்டு கால்களைச் சுற்றி இறுக்கி, மூன்றாவதைக் கீழ்க்கம்பிக்கு முட்டுக் கொடுங்கள். கேமரா வாரையும் கம்பியில் மாட்டிவிடுங்கள், கீழே தண்ணீர்!

இடம்தான் முக்கியம். ஹெலிக்ஸ் பாலத்தில் ஆட்கள் நடக்க நடக்க அதிர்வு வரும். ஷட்டர் 10 விநாடி திறந்திருக்கும்படி வைத்தால் விளக்குகள் கலங்கித் தெரியும். எஸ்பிளனேட் கலையரங்கப் பக்கக் கரையோரம் எவ்வளவோ மேல்.

அப்புறம், 2 விநாடி டைமர் வைத்து எடுங்கள். பட்டனை அழுத்தும் விரலே இந்தச் சின்னக் கால்களை ஆட்டிவிடும். லென்ஸின் அதிர்வுத் தடுப்பையும் அணைத்துவிடுங்கள்.