ஆதிமனிதர்களின் மண்டையோடுகள் ஏன் வெவ்வேறு வடிவங்களில் உள்ளன?

மண்டையோட்டு வடிவம் என்பது, மூளையைக் காக்கும் எலும்புப் பேழையின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றின் விகிதமாகும். குழந்தைப் பருவத்தில் இது பல துண்டுகளாக இருப்பதால், மூளை விரியும் போக்கிலேயே எலும்பும் விரிகிறது. அந்தப் போக்கை வகுப்பதில் மரபணுவே முதன்மையானது. நமக்கு நெருங்கிய உறவாயிருந்து அழிந்துபோன நியாண்டர்தால் மனிதரின் தலை நீண்டு, தாழ்ந்து, பின்புறம் புடைத்திருந்தது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த, ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுப் பழமையான நம் ஹோமோ சேப்பியன்ஸ் இனத்தவருக்கு முகம் நம்மைப் போன்றிருந்தும், தலை இன்னும் நம்முடையதைப் போல் உருண்டையாகவில்லை.

தஞ்சைப் பக்கத்து வேலிகளில் படரும் பூசணிக்கொடியைப் பாருங்கள்: தரையில் கிடக்கும் காய் உருண்டையாகவும், இரு மூங்கில்களுக்கிடையே சிக்கியது நடுவில் ஒடுங்கியும் வளர்கிறது. அதுபோலவே, கடின உணவை மெல்லும் தசைகளின் இழுப்பும், சில சமூகங்கள் குழந்தைகளின் தலையைத் துணியால் இறுகக் கட்டிய வழக்கமும் எலும்பை மாற்றின.

இறந்தபின்னும் வடிவம் மாறக்கூடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஊறி உப்பும் நம் டெல்டாக் களிமண்ணைப் போன்ற மண், புதைந்த எலும்பை நசுக்கி நெளித்துவிடும்.

நீண்டு தாழ்ந்த தலை அறிவுக்குறைவைக் காட்டுகிறது என்ற எண்ணம் தவறு. நியாண்டர்தால் மனிதரின் மூளை அளவு நம்முடையதற்கு இணையாகவே இருந்தது.