அல்சைமருக்கு வந்திருக்கும் புது மருந்தால் ஆயாவின் மறதி குணமாகுமா?

கடலூர் முதுநகரில் உங்கள் ஆயா மீன் குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போடுகிறார், சொன்னதையே சொல்கிறார், புது மருந்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருந்து வந்திருப்பது உண்மை. ஆனால் அது குணமாக்காது. அல்சைமரில் நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிகிறது. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனமாப் என்ற அந்தப் புது மருந்து அதில் ஒட்டிக்கொள்ளும். மூளையின் பாதுகாப்பு அணுக்கள் வந்து திட்டை அகற்றும். 18 மாத ஆய்வில் நோய் முற்றும் வேகம் சுமார் 27 சதவீதம் குறைந்தது. கேட்கப் பெரிதாக இருக்கும். நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் வித்தியாசமோ அரைப் புள்ளிகூட இல்லை. கூடவே இருப்பவர்களுக்கே அது தெரியுமா என்பது சந்தேகம்தான். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே தருகிறார்கள். மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம் என்பதால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது ரத்தப் பரிசோதனைதான். அல்சைமர்தானா என்று அறிய முன்பு மூளையைப் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும், அல்லது முதுகுத்தண்டில் நீர் எடுக்க வேண்டும். இப்போது அல்சைமரோடு தொடர்புடைய இன்னொரு புரதமான டௌவின் ஒரு வகையை ரத்தத்தில் அளந்தே நன்றாகக் கணிக்க முடிகிறது.

அப்புறம், மறதியெல்லாம் அல்சைமர் இல்லை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, எப்போதோ தலை இடித்து மூளை உறைக்கு அடியில் மெல்லச் சேர்ந்த ரத்தம், இவையும் இப்படித்தான் காட்டும். இவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு. தயவுசெய்து முதலில் இவற்றைப் பார்த்துவிடுங்கள். பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் நரம்பியல் துறை இருக்கிறது. போகும்போது ஆயா சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். தூக்க மாத்திரையும் சில அலர்ஜி மாத்திரைகளும்கூட வயதானவர்களைக் குழப்பிவிடும்.