தனிப் படிக்கட்டு: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

கல்லூரிகளில் மாணவர்களையும் மாணவிகளையும் பிரித்து வைப்பதைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். என் மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு. அவள் கல்லூரியில் படிக்கட்டு தனி, கேன்டீன் மேசை தனி, பஸ்ஸில் முன்பாதி பெண்களுக்கு. பையன்களோடு பேசினால் வீட்டுக்கு போன் வரும். அதனால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருகிறது. பெண்ணைப் பெற்றவனின் பயம் உங்களுக்குப் புரியவில்லையா?

ஓர் அப்பா, நாமக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் படிக்கட்டு அவளை யாரிடமிருந்து காப்பாற்றுகிறது? இன்டர்னல் மார்க்கைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர் எல்லை மீறினால் அந்தப் படிக்கட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதைவிட மோசம், பேசினாலே வீட்டுக்கு போன் போகும் இடத்தில் ஒரு மாணவன் தொல்லை கொடுத்தால் அவள் வாய் திறக்கவே தயங்குவாள். 'நீ ஏன் அவன்கிட்ட பேசினே?' என்பதுதான் முதல் கேள்வியாக வரும் என்று அவளுக்குத் தெரியும். தப்பு செய்தவனுக்கு அந்த மௌனம்தான் வசதி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள், பாலியல் தொல்லையை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு கட்டாயம் என்கின்றன. பாதுகாப்பைச் சொல்லி விடுதி மாணவிகளுக்கு மட்டும் பாரபட்சமான விதிகள் போடக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

பெண்களுக்கென்று தனி இடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி, வீட்டை விட்டு அனுப்பப்படாத எத்தனையோ பெண்களுக்குக் கதவைத் திறந்தது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி சேர்ந்தபோது, பையன்களோடு ஒரு பெண் படிப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். உள்ளே நுழைய அன்று அவர் கொடுத்த விலை அது. 1912இல் மருத்துவப் பட்டம் வாங்கினார், பிறகு சென்னை மாகாண சட்ட மேலவைக்குத் துணைத்தலைவரும் ஆனார். உங்கள் மகள் படித்து வாங்கிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் எதற்கு இன்னும் அந்த விலையைக் கேட்க வேண்டும்?

இன்னும் இரண்டு வருடத்தில் வேலைக்குப் போவாள். அங்கே ஆண்களோடு ஒரே டீமில் வாதாட வேண்டும், மறுக்க வேண்டும், சில நேரம் அவர்களுக்கு வேலை சொல்லவும் வேண்டும். அதையெல்லாம் பழகத்தானே இந்த நான்கு வருடம்? பையன்களுக்கும்தான். பெண்ணைத் தோழியாக, படிப்பில் போட்டியாளராகப் பார்த்துப் பழகாதவன் ஆபீஸில் திடீரென்று எப்படிப் பழகுவான்?

உங்கள் மகளிடம் அந்தப் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவளுக்குத் தெரியாவிட்டால் கல்லூரிக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். அப்புறம், 'காலேஜிலிருந்து என்ன போன் வந்தாலும் முதலில் நீ சொல்வதைத்தான் கேட்பேன்' என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.