மைக்ரோகண்ட்ரோலர் நிரலாக்கம் கற்க முதலில் எந்த போர்டு வாங்கலாம்?

பைத்தான் கொஞ்சம் தெரியும், எலெக்ட்ரானிக்ஸ் சுத்தமாகத் தெரியாது என்கிறீர்கள். அப்படியானால் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 வாங்குங்கள்.

16 மெகாஹெர்ட்ஸ் வேகம், 32 கேபி ஃபிளாஷ், 2 கேபி ரேம், அவ்வளவுதான். பழசு என்று பலர் ஒதுக்குவார்கள். ஆனால் வயரை மாற்றிச் செருகிக் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் வேகத்தைவிடத் தாங்கும் தன்மைதான் முக்கியம். ஏடிமெகா328பி சிப் சாக்கெட்டில் செருகியிருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சிப் போனால் பூட்லோடர் (யூஎஸ்பி வழியே புரோகிராமை வாங்கி வைக்கும் சிறு நிரல்) ஏற்றிய வேறொன்றை வாங்கிச் செருகலாம், போர்டு பிழைத்துவிடும். பலர் சொல்லும் மற்ற போர்டுகளான ஈஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பிக்கோ இரண்டும் 3.3 வோல்ட் போர்டுகள். 5 வோல்ட் சென்சாரின் அவுட்புட்டை நேரடியாகக் கொடுத்தால் அவற்றின் பின் (pin, வயர் இணைக்கும் முனை) கெட்டுப்போக வாய்ப்புண்டு.

கூடவே ஒரு பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் வயர் செருகும் துளைப் பலகை), ஜம்பர் வயர்கள், 5 எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டர் 10, புஷ் பட்டன் 4, 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) 1 போதும். முப்பது நாற்பது சென்சார் அடங்கிய கிட் இப்போது தேவையில்லை. பாதி பெட்டியிலேயே கிடக்கும்.

போர்டில் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டரில் அதன் போர்ட் (port, இணைப்பின் பெயர்) மட்டும் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது. குளோன் போர்டு (வேறு நிறுவனத்தின் நகல்) என்றால் அதன் யூஎஸ்பி சிப்புக்கான சிஎச்340 டிரைவர் நிறுவ வேண்டியிருக்கலாம். போர்ட் தெரிந்தும் அப்லோட் ஆகவில்லையா? 0, 1 பின்களில் ஏதாவது செருகியிருந்தால் கழற்றுங்கள்; புரோகிராம் போர்டுக்குள் போகும் வழி அதுதான்.

முதல் வேலை எல்இடி. நீளக் கால் போர்டின் பின்னுக்கு (pin), குட்டைக் கால் கிரவுண்டுக்கு, இடையில் 220 ஓம் ரெசிஸ்டர். சிவப்பு எல்இடியில் சுமார் 2 வோல்ட் விழும். மீதி 3 வோல்ட்டை 220ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 14 மில்லிஆம்ப். ஒரு பின்னில் 20 மில்லிஆம்புக்குள் வைத்துக்கொள்வது நல்லது, 40 என்பது உச்ச வரம்பு. ரெசிஸ்டர் இல்லாமலும் எரியத்தான் செய்யும், அதை நம்பாதீர்கள்.

அடுத்து பட்டன். ஒரு காலைப் பின்னிலும் மற்றொன்றை 5 வோல்ட்டிலும் கொடுத்தால், அழுத்தாதபோது பின் அந்தரத்தில் நிற்கும். கையை அருகே கொண்டுபோனாலே ரீடிங் மாறும். பட்டனை கிரவுண்டுக்கு இணைத்து, நிரலில் பின்மோடை (pinMode) இன்புட் புல்-அப் (INPUT_PULLUP, உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் பின்னை ஹையில் பிடித்துவைக்கும்) என்று வையுங்கள். அழுத்தினால் லோ, விட்டால் ஹை. ஒரே அழுத்தம் மூன்று நான்காக எண்ணப்பட்டால் அது பவுன்ஸ், அதாவது பட்டனின் உலோகத் தொடுமுனை துள்ளுவது. முதல் மாற்றத்துக்குப் பிறகு 20 முதல் 50 மில்லிவினாடி வரை புதிய மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் சரியாகிவிடும்.

இனிதான் உண்மையான பாடம். டிலே (delay, காத்திருக்கச் சொல்லும் கட்டளை) ஓடும்போது லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) அங்கேயே நின்றுவிடும், பட்டனைப் படிக்காது. அதனால் சீக்கிரமே மில்லிஸுக்கு (millis, நிரல் தொடங்கியதிலிருந்து கடந்த மில்லிவினாடிகளைத் தருவது) மாறுங்கள். பைத்தானிலிருந்து வருபவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். ஊனோவில் இன்ட் (int, முழு எண் வகை) 16 பிட், 32,767க்கு மேல் தாங்காது. கடைசியாக மாறிய நேரத்தை இன்ட்டில் வைத்தால், நொடிக்கொருமுறை மாறும் எல்இடி 33 நொடி ஒழுங்காக மின்னும். பிறகு எண் மைனஸுக்குப் போய், ஒவ்வொரு லூப்பிலும் 'ஒரு நொடி கடந்ததா' என்ற நிபந்தனை உண்மையாகிவிடும். எல்இடி மின்னாமல் மங்கலாக எரிந்தபடி நிற்கும். சர்க்யூட்டில் தேடினால் பிழை கிடைக்காது. அன்சைன்ட் லாங் (unsigned long, மைனஸ் இல்லாத பெரிய எண் வகை) என்று அறிவித்தால் தீர்ந்தது.

மோட்டாரைப் பின்னில் நேரடியாக இணைக்கவே வேண்டாம்; டிரான்சிஸ்டரும் 1என்4007 டயோடும் வேண்டும். செர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) துடித்துத் துடித்து ஆரம்ப நிலைக்கே திரும்பினால், 5 வோல்ட் சரிந்து போர்டு ரீசெட் ஆகிறது என்று சந்தேகப்படுங்கள். செர்வோவுக்குத் தனி சப்ளை கொடுங்கள், ஆனால் இரண்டின் கிரவுண்டையும் சேர்த்தாக வேண்டும்.

வைஃபை தேவைப்படும்போது ஈஎஸ்பி32க்கும், பைத்தானிலேயே எழுத ஆசையிருந்தால் மைக்ரோபைத்தான் (மைக்ரோகண்ட்ரோலருக்கான பைத்தான்) ஏற்றிய பிக்கோவுக்கும் போகலாம். அங்கே மில்லிஸ் பழக்கம் அப்படியே உதவும், 5 வோல்ட் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.