லட்டும் வெங்காயமும்

கே: போர், அணுகுண்டு என்றால் மக்கள் ஒரே குரலில் ஆதரிக்கிறார்கள். அந்த ஆதரவு அப்படியே ஓட்டாக விழுமா?
- எஸ்.ஆர்., விருதுநகர்

ப: 1998 மே மாதம் நான் டெல்லி கரோல்பாகில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். ராஜஸ்தான் பொக்ரானில் பா.ஜ.க. தலைமையிலான அரசு அணுகுண்டு சோதனை நடத்திய செய்தி வந்ததும் தெருமுனையில் லட்டு கொடுத்தார்கள். நானும் இரண்டு வாங்கித் தின்றேன். மாநகரங்களில் எடுத்த கருத்துக்கணிப்பில் 91 சதவீதம் பேர் சபாஷ் போட்டதாகப் பேப்பரில் வந்தது. லட்டு இனிப்பு நாக்கில் இருக்கும்போது கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அக்டோபரில் அதே தெருவில் வெங்காயம் கிலோ 40 ரூபாயைத் தாண்டியது. நாசிக் பக்கம் மழையில் பயிர் வீணாகியிருந்தது. தள்ளுவண்டிக்காரர் உருளைக்கிழங்கை வண்டியில் குவித்து வைத்திருப்பார். வெங்காயம் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் தனிக் கூடையில், துணி போட்டு மூடி. தாபாவில் ரொட்டியோடு சும்மா வைக்கும் வெங்காயத் துண்டு போய் முள்ளங்கி வந்தது. என் வீட்டுக்கார அம்மா பஞ்சாபி. மொட்டைமாடியில் தாமரைக் கொடி கட்டியவர். கால் கிலோ வாங்கி வந்து என் முன்னால் கொட்டி எண்ணினார். நாலு. கொடியை அவர் கழற்றவில்லை. நவம்பரில் சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போடப் போகவும் இல்லை.

டெல்லியின் 70 இடங்களில் பா.ஜ.க.வுக்குக் கிடைத்தது 15. கடைசி நேரத்தில் முதல்வராக்கப்பட்ட சுஷ்மா ஸ்வராஜாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பொக்ரான் இருக்கும் ராஜஸ்தானிலேயே 200-க்கு 33! எல்லாம் வெங்காயத்தால்தான் என்று சாதிக்க மாட்டேன். ராஜஸ்தானில் வேறு கோபங்களும் இருந்தன. ஆனால் குண்டு காப்பாற்றவில்லை என்பது மட்டும் கண்ணெதிரே நடந்தது.

கே: அப்படியானால் கார்கில் வெற்றி?
- மு.க., தென்காசி

ப: 1999 கார்கில் போருக்கு முன்பு மக்களவையில் பா.ஜ.க. 182, பின்பும் 182. உத்தரப் பிரதேசத்தில் 57 இடம் 29 ஆனது. வீரர்களின் உடல்கள் வந்திறங்கிய ஊர்கள் அங்கேயும் உண்டு. டெல்லியில் மட்டும் 7-க்கு 7. நான் சாப்பிடும் தாபாவில் அதற்குள் முள்ளங்கி போய் வெங்காயம் திரும்பியிருந்தது. வீட்டுக்கார அம்மா அந்த முறை காலையிலேயே போய் வரிசையில் நின்றார்.