வரம்புக்குள் என்கிறார்கள், இரவில் மூச்சு முட்டுகிறது

பக்கத்து ஆலையிலிருந்து இரவில் கந்தக நெடி வருகிறது, அம்மாவுக்கு இழுப்பு வருகிறது, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகமோ ‘அளவு வரம்புக்குள்தான்’ என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் காட்டியது 24 மணி நேரச் சராசரியா என்று முதலில் பாருங்கள். அரை மணி நேரம் எகிறிய அளவு அதில் கரைந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, கந்தகம் எரியும்போது வரும் சல்ஃபர் டை ஆக்சைடு வாயு சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஒரு கன மீட்டர் காற்றுக்கு நாள் சராசரி 40 மைக்ரோகிராம் என்பதோடு, 10 நிமிடச் சராசரிக்கு 500 மைக்ரோகிராம் என்றும் தனியாக வரம்பு வைத்திருக்கிறது.

புகைபோக்கியின் தொடர் கண்காணிப்புப் பதிவையும், வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர் எப்போதெல்லாம் நின்றிருந்தது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நெடி வரும் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்து வையுங்கள், ஒப்பிட உதவும். அப்புறம், இன்ஹேலர் அம்மாவின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.